காப்புக் கட்டிய கையில் மீன் எண்ணெய்

போன மாதம், நான் கிளாக்கர் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசையில் ஓர் ஏப்பம் விட்டேன். மீன் வாசம்.

மற்ற நாளென்றால் ஒன்றுமில்லை. அன்று திருவிழா. தீ மிதிப்பதாக நேர்ந்து, கையில் காப்புக் கட்டியிருக்கிறேன். அதை அவிழ்க்கும்வரை மீனும் இறைச்சியும் கிடையாது. மனைவி சரோஜா மீன் சட்டியை வெளியே கவிழ்த்துவிட்டாள். கருவாடு, காய்ந்த மாசி மீன் துண்டு எல்லாம் பக்கத்துச் சிங்கள வீட்டுக்குப் போய்விட்டன. பிறகு மீன் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தேன். பொன் நிறத்தில், போத்தல் நிறைய... மீன் எண்ணெய்க் குளிசைகள். காப்புக் கட்டிய நாளிலிருந்து தினமும் காலையில், திருநீறு பூசிய கையால், பக்தியாக விழுங்கியிருக்கிறேன்.

இதற்கு முன்கதை உண்டு. ஒருநாள் பொகவந்தலாவை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்தது. அந்த ஏற்றத்திலேயே மனதுக்குள் உயில் எழுதினேன். சொத்து ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்ததும் கிழித்துப் போட்டேன். ஹட்டனில் டாக்டர் சோதித்துவிட்டு, "இது வாயு. ஆனா இரத்தத்திலை கொழுப்புக் கூட" என்றார், யாழ்ப்பாணத்துக்காரர். பொரித்ததைக் குறைக்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், தினமும் நடக்க வேண்டும், மீன் எண்ணெய்க் குளிசையும் போட்டுப் பார்க்கலாம் — இவ்வளவுதான் சொன்னார். இதில் விழுங்கக்கூடியது ஒன்றுதானே?

இப்போது குளிசையை நிறுத்தினால் நெஞ்சு. நிறுத்தாவிட்டால் நெருப்பு.

பூசாரி முத்தையாவிடம் ஓடினேன்.

"குளிசைதானுங்களே கிளாக்கரையா. வாசம் ஏதும் வருதுங்களா?"

"ஏப்பத்துல வருது."

ஓரடி தள்ளி நின்றார். "நேத்து பூசையில... அது நீங்களா? நான் பக்கத்துல நின்ன கண்டாக்கையாவ நெனச்சுக்கிட்டு, அவருக்குத் தீர்த்தம் குடுக்காம விட்டுட்டேங்க." தோட்டத்து வெளிவேலையை மேற்பார்க்கும் அதிகாரிக்கே தீர்த்தம் இல்லை!

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"டாக்டரையாகிட்ட கேளுங்க. அவரு நிறுத்தலாம்னா நிறுத்துங்க. மருந்து இல்லாம முடியாதுன்னா அம்மா கோவிச்சுக்க மாட்டா. ஆனா ஏப்பத்த வெளிய போயி விட்டுட்டு வாங்க."

மறுபடி ஹட்டன். டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"திருவிழா முடியும்வரைக்கும் நிப்பாட்டுங்கோ. இதயம் நிக்காது."

"அப்ப அது என்னதான் டாக்டர் செய்யுது?"

"கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும். உதவிக்கு வாற ஆள் மாதிரி. முழு வேலையையும் அதின்ரை தலையிலை கட்டலாமோ? கிழமைக்கு ரெண்டு நாள் சாளை மீன் குழம்பு சாப்பிட்டாலும் அதே எண்ணெய்தான் கிடைக்கும். அதுசரி, நடக்கச் சொன்னனே... நடக்கிறியளோ?"

"வெள்ளிக்கிழமை நடக்கிறேன் டாக்டர். தீ மேல."

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு முதல் தார் ரோட்டிலை நடவுங்கோ."

மறுநாளே தொடங்கினேன். மூச்சு வாங்கியது, முழங்கால் முனகியது, நெஞ்சு மட்டும் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தீயையும் மிதித்தேன். காலுக்கும் ஒன்றுமில்லை. காப்பை அவிழ்த்த பிறகும் காலை நடையை விடவில்லை.

என்ன, ஒரே வருத்தம்தான். தீக்குழியில் சில விநாடி நடந்ததற்கு ஊரே குலவை போட்டது. தார் ரோட்டில் தினமும் நடப்பவனைப் பார்த்து, "பஸ்ஸ விட்டுட்டீங்களாய்யா?" என்கிறார்கள்.