விமலாக்கா செதுக்கிய கதவு

கையால் வாழ்த்துக் கார்டு செய்கிற நம் சனிக்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. மேலே ஒரு ரோஜாப்பூ, "இனிய காலை வணக்கம்." கீழே இன்னொரு ரோஜாப்பூ, அதே வணக்கம். இரண்டுக்கும் நடுவில், "நம்ம விமலா இன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரில தவறிட்டாங்க" என்று ஒரு வரி. கீழே இருந்த ரோஜாவை அனுப்பியவர் மேலே என்ன வந்திருக்கிறது என்று படிக்கவே இல்லை. யாரென்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். நான் அப்போது மயிலாப்பூரில் ஒரு காகிதக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். விமலாக்கா போனில் கேட்டிருந்த கெட்டித் தாளை அப்போதுதான் வாங்கியிருந்தேன். "ரொம்ப வெள்ளையா எடுத்துண்டு வந்துடாதே சுந்தரி, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருந்தார். கடைக்காரர் "கவர் வேணுமாம்மா?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். ஒரு தகவலும் சொல்லாமல் இப்படிக் கிளம்பிவிடுவதா என்று அவர் மேலேயே கோபம். அவரைத் தெரிந்த உங்களுக்குப் புரியும். எதையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர். ஒட்டிய காகிதம் காய்கிற வரை நம்மையும் எழுந்திருக்க விட மாட்டார்.

நாங்கள் சந்தித்ததே சண்டையில்தான். தி. நகரில் கைவினைச் சாமான் விற்கும் கடை ஒன்றில், கடைசியாக இருந்த பழுப்பு நிற இங்க் பேடின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனையை அவர் பிடித்திருந்தார். "மாமி, நான்தான் மொதல்ல எடுத்தேன்" என்றேன். "இன்னொரு தரம் மாமின்னு கூப்பிட்டே, இதை உன் மூஞ்சியிலேயே குத்திடுவேன். அக்கான்னு கூப்பிடு, தரேன்" என்றார். கூப்பிட்டேன். ஆனாலும் தரவில்லை. "சனிக்கிழமை எங்காத்துக்கு வா, ரெண்டு பேரும் தொட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு பில் போடப் போய்விட்டார். அப்படித்தான் அடையாறில் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு நான் வந்து சேர்ந்தேன்.

அந்த மேஜையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய செய்தித்தாள் விரித்திருக்கும். நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரப்பர் ஸ்டாம்புகள், பாதி கடையில் வாங்கியவை, பாதி அவரே அழிரப்பரில் செதுக்கியவை. யாராவது ஜிகினாத் தூளைக் கையில் எடுத்தால் போதும், "இது கார்டா, கல்யாண ரிசப்ஷனா?" என்பார். பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ராகவன் சாரிடம், அதாவது அவருடைய வீட்டுக்காரரிடம், முடிந்த கார்டைக் கொண்டுபோய்க் காட்டுவார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ம்" என்பார். "இன்னிக்கு நல்ல ம்" என்று அக்கா எங்களிடம் வந்து சொல்லுவார். வெங்கட் வீட்டில் இருந்தால் அவனும் வந்து எங்கள் பிஸ்கட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போவான்.

வெங்கட் அவர்களுடைய ஒரே பிள்ளை. பழைய மகாபலிபுரம் சாலையில், வேலைக்குப் போகும் வழியில், பைக் விபத்தில் போனவன். அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் முழுக்கப் பண்டிகை கிடையாது. அந்த வீட்டுக்கு யாரும் வாழ்த்தும் அனுப்புவதில்லை. அந்தப் பொங்கலுக்கும் நாம் எல்லோரும் நமக்குள் கார்டு அனுப்பிக்கொண்டோம், அந்த வீட்டை மட்டும் விட்டோம். மரியாதை என்றுதான் விட்டோம். வெகுநாள் கழித்து அக்கா என்னிடம் சொன்னார். "தபால்காரர் வர சத்தம் கேட்டுது. வருஷா வருஷம் கட்டா குடுத்துட்டுப் போவாரே, அவர்தான். எங்காத்து வாசலைப் பார்த்தார், தலையைக் குனிஞ்சுண்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டார். அவனோட நாங்களும் போயிட்டோம்னு யாரோ எழுதிப் போட்டுட்ட மாதிரி இருந்தது சுந்தரி." சொன்னபோது அவர் குரலில் குறை எதுவும் இல்லை. எனக்குத்தான் உட்காரவே முடியவில்லை.

பொங்கல் முடிந்த பிறகு அவர் ஒரு கதவைச் செதுக்கினார். ஒருக்களித்துத் திறந்த கதவு, வெங்கட்டின் அறைக் கதவு. அவன் போன நாளிலிருந்து அதை அவர்கள் முழுக்கத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. நாங்கள் உட்காரும் மேஜையிலிருந்து பார்த்தால் கூடத்தின் கோடியில் அது தெரியும். ரப்பரில் எதைச் செதுக்கினாலும் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். இந்த வேலையில் முதல் நாள் படிக்கிற பாடம் அது. எங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்த விமலாக்கா, அன்று மாற்றாமல் செதுக்கிவிட்டார். தாளில் கீல் எதிர்ப்பக்கம் விழுந்தது.

"அக்கா, பக்கம் மாறிப்போச்சு. என்கிட்ட வேற ரப்பர் இருக்கு, திரும்பச் செதுக்குங்க" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். கோடியில் இருந்த கதவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "மாறலை. உள்ள நின்னு பாக்கறவனுக்கு இப்படித்தான் தெரியும்" என்றார்.

அன்றைக்குப் பிறகு அந்த அறைக்கு முதுகைக் காட்டி என்னால் உட்கார முடிந்ததில்லை. உங்களில் சிலரும் நாற்காலி மாற்றிக்கொண்டதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்தக் கதவைத்தான் அவர் அனுப்ப ஆரம்பித்தார். தெரிந்த வீட்டில் சாவு நடந்திருந்தால், அடுத்து வருகிற பண்டிகைக்கு முன்னால் அங்கே ஒரு கார்டு போகும். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ஸ்டாம்பில் ஒரே ஒரு தடவை மை தொடுவார். செய்தித்தாளின் மேல் இரண்டு தடவை அழுத்தி மையைக் குறைப்பார். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கிறவர்கள் ஊதுவதுபோல ஸ்டாம்பின் மேல் 'ஹா' என்று மூச்சு விடுவார். காய்ந்து ஒட்டியிருக்கும் மை அந்த ஈரத்தில் கொஞ்சம் இளகும். அதைக் கார்டில் அழுத்துவார். இருக்கிறதா இல்லையா என்று நாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற அளவுக்கு வெளிறிய ஒரு கதவு விழும். வேறு நிறம் கிடையாது, உள்ளே ஒரு எழுத்தும் கிடையாது. "சந்தோஷத்துக்குப் புது மை தொட்டுக்கோ. இதுக்கு மூச்சு போறும்" என்பார்.

எல்லா வீட்டிலும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நங்கநல்லூரிலிருந்து ஓர் உறவுக்கார அம்மாள் போன் செய்து கத்தியது மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "துக்க ஆத்துக்குப் பண்டிகை சமயத்துல கார்டா? அதுலயும் திறந்த கதவு! இன்னும் யாரைக் கூப்பிடறதுக்குத் திறந்து வெச்சிருக்கே?" அக்கா போனை வைத்தார். பால்கனியிலிருந்து ராகவன் சார் எழுந்து வந்தார். "இதெல்லாம் வேண்டாம் விமலா. ஊர் துக்கத்தையெல்லாம் தபால்ல வரவழைக்காதே. நம்மாத்துல இருக்கறது போறாதா?" என்றார். மற்ற கார்டுகளுக்கு 'ம்' சொல்லுகிறவர் அந்தக் கார்டை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை. அந்த அறைக் கதவைச் சாத்திவிடலாம் என்று அவர் பல தடவை கேட்டதும் எனக்குத் தெரியும். அக்கா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. அடுத்த கார்டுக்கு மை தொட்டார்.

தெருமுனையில் பூ விற்கும் கன்னியம்மாவுக்கு மட்டும் நேரில் கொடுத்தார். ஆற்றோரம் இருந்த அவள் வீட்டை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே குடியேற்றிய பிறகும் அவள் தினமும் பஸ் ஏறி இங்கேயே வந்துதான் வியாபாரம் செய்தாள். புருஷன் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ஒண்ணியும் எய்தாம கீது?"

"என்ன எழுதறதுன்னு தெரியலை கன்னியம்மா."

"ஆமா. வர்றவங்கல்லாம் என்னென்னமோ சொல்லிக்கினு போறாங்க. எனுக்கு ஒண்ணும் ஏறவே இல்ல" என்று சொல்லிக் கார்டைப் பூக்கூடையில் ஈரத்துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வீட்டு வாசலிலேயே வந்து நின்றாள். "தண்ணி பட்டு கதவு கரைஞ்சி பூட்ச்சுக்கா. இன்னொண்ணு குடு." அன்று அக்கா சிரித்த சிரிப்பு, வெங்கட் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

இப்போது அவருடைய வீட்டுக்கே அந்தத் துக்க வருடம் மறுபடியும் வந்துவிட்டது. கார்த்திகைக் கடைசியில் போனார், பொங்கல் அடுத்த மாதம். அந்த வீட்டுக்குக் கார்டு அனுப்புவதா என்று நம் குழுவில் நடந்த சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. வழக்கம் இல்லை என்றார்கள் சிலர். ராகவன் சாருக்கு அந்தக் கார்டைக் கண்டாலே ஆகாது, மனுஷரைப் புண்படுத்த வேண்டாம் என்றார்கள் சிலர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தபால்காரர் மறுபடியும் அந்த வாசலைக் கடந்து போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. போகிக்கு முதல் நாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் அடையாறுக்குப் போனேன். கதவு ஸ்டாம்ப் அந்த வீட்டில்தானே இருந்தது. ராகவன் சாரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அவர் "வேண்டாம்" என்றால் திரும்பி வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

தெரு முழுக்க மார்கழிக் கோலம். அந்த வாசல் மட்டும் வெறும் சிமெண்ட். ராகவன் சார் கதவைத் திறந்து "வாம்மா சுந்தரி, காபி சுமாராத்தான் இருக்கும்" என்றார். மேஜையில் யாரையும் கை வைக்க விடவில்லை போலிருக்கிறது. செய்தித்தாள், கத்திரிக்கோல், வெட்டி வைத்த தாள்கள் எல்லாம் நெஞ்சுவலி வந்து அக்கா எழுந்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மேலாகக் கதவு ஸ்டாம்ப் கிடந்தது. அதன் கோடுகளில் பழுப்பு மை அப்படியே இருந்தது. பழைய பல்துலக்கி வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஸ்டாம்பைக் கழுவாமல் அந்த மனுஷி ஒரு நாளும் எழுந்ததில்லை. அன்றைக்குத்தான் முடியவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்டாம்பின் கோடுகளைப் பார்த்தார்.

"அது அவ தொட்ட மையா?"

"ஆமா சார்."

"அதுல இப்போ வருமா?"

"தெரியல சார். பார்க்கலாம்."

ஸ்டாம்பை வாயருகே கொண்டுபோய் மூச்சு விட்டேன். தாளில் வைத்து முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினேன். எடுத்தபோது கதவு விழுந்திருந்தது. அக்கா அழுத்தியிருந்தால் எப்படி விழுந்திருக்குமோ அப்படியே, வெளிறி.

ராகவன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளின் மேல் குனிந்தார். பிறகு கையை நீட்டினார். ஸ்டாம்பைக் கொடுத்தேன். "இப்படித்தானே பண்ணுவா?" என்று கேட்டுவிட்டு அவரும் அதன் மேல் மூச்சு விட்டார். அதே தாளில், என்னுடையதற்குப் பக்கத்தில் அழுத்தினார். இந்தத் தடவை கதவு முழுசாக வரவில்லை. கீல் பக்கத்துக் கோடும், திறந்த இடுக்கும் மட்டும் தெரிந்தன. அவர் தலையைத் தூக்கிக் கூடத்துக் கோடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே கதவு ஒருக்களித்தே இருந்தது.

"இன்னும் வருமா?"

"இன்னும் ஒண்ணு வரலாம் சார். அதோட தீர்ந்துடும். வேணும்னா புதுசா மை தொட்டு..."

"தொடாதே" என்றார், கொஞ்சம் உரக்க. ஸ்டாம்பை டப்பாவில் வைத்து மூடியை அழுத்தி மூடினார். கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இதை நீ எடுத்துண்டு போயிடும்மா. இங்க இருந்தா நான் அந்த ஒண்ணையும் எடுத்துடுவேன்."

அந்த டப்பா இப்போது என் அலமாரியில், புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. சனிக்கிழமை மேஜைக்கு அதைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், கொண்டுவர மாட்டேன். கழுவ மாட்டேன், திறந்தும் பார்க்க மாட்டேன். விமலாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் கையால் தொட்ட மை, இன்னும் ஒரு தடவைக்கு.