ஸ்ட்ரேஞ்ச் என்ற சொல்லும் என் மருமகளும்

என் மனைவியின் முதல் திதியன்று, அவளை இரண்டு வருடம் தாங்கிப் பிடித்துச் சோறூட்டிய மருமகளை அடுக்களையை விட்டு வெளியே போகச் சொன்னேன். உறவினர்கள் தூண்டிவிட்டார்கள் என்று பிறகு, லீவு கிடைக்காமல் வெளிநாட்டிலேயே இருந்துவிட்ட மகனிடம் போனில் சொன்னேன். அது பொய். சொன்னவன் நான்தான்.

நான் முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். ஒவ்வொரு வருடமும் ஸ்ட்ரேஞ்ச் என்ற சொல் வந்ததும் பாடத்தை நிறுத்துவேன். பிள்ளைகள் 'விநோதமான' என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அது கடைசியில் வந்த பொருள் என்பேன். லத்தீனில் 'வெளியே' என்ற சொல்லில் பிறந்தது அது. எக்ஸ்ட்ரானியஸ் என்றால் வெளியில் இருப்பவன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'அந்நிய தேசத்து' என்றுதான் பொருள். அப்புறம் பழக்கமில்லாதது என்று ஆகி, அதற்கும் அப்புறம்தான் விநோதம். "பாத்தீங்களா, மொதல்ல ஒருத்தன வெளியில நிறுத்திடறோம். அப்புறம், அவன் ஒரு மாதிரியா இருக்கான்னு நாமளே சொல்றோம்" என்று முடிப்பேன். பையன்கள் சிரிப்பார்கள். அந்த வரியில் எனக்குக் கர்வம் உண்டு.

மருமகள் வங்காளத்துப் பெண். என் மகனோடு பெங்களூரில் வேலை பார்த்தவள். மகன் கத்தாருக்குப் போன சமயத்தில் என் மனைவி படுத்துவிட்டாள். மூன்று மாதம் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த மருமகள், கூடத்தில் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு அப்படியே தங்கிவிட்டாள்; மனைவி போன பிறகும் என்னைத் தனியே விட்டுப் போகவில்லை. வந்த புதிதில் வாய்க்கால் வரப்பில் நின்று நடவைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்லயும் இதே சேறுதான் மாமா" என்றாள். தமிழை என் மனைவியிடம் கற்றாள். அதனால் அவள் பேச்சில் என் மனைவியின் அதட்டல் கொஞ்சம் இருக்கும்.

கடைசி மாதங்களில் மனைவிக்கு வாயெல்லாம் புண். பாசிப்பருப்பை வறுத்து, அரிசியோடு குழைய வேக வைத்து மருமகள் செய்யும் கிச்சடி ஒன்றுதான் இறங்கும்.

"உங்க ஊர் பொங்கல் ஆயிடுச்சா?" என்பாள் மனைவி.

"பொங்கல்னு சொல்லாதீங்க அத்தை. எங்கம்மா சண்டைக்கு வந்துடுவாங்க."

எங்கள் வீட்டுத் திதியில், வீட்டுப் பெண்கள் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படையல் சமைப்பார்கள். செத்தவருக்குப் பிடித்தது இலையில் கட்டாயம் இருக்க வேண்டும். அன்று காலை மருமகள் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பருப்பை வறுத்துக்கொண்டிருந்தாள். மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த என் அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, அந்தப் பொண்ணா படையல் வைக்கிது?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். கூடத்திலிருந்த பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இது எங்க வீட்டுப் பழக்கம்மா. வெளி ஆளுங்க அடுப்புல கை வைக்கக் கூடாது. நீ கொஞ்ச நேரம் கொல்லைப் பக்கம் இரு" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். கொல்லையில் துணி துவைக்கும் கல்லின்மேல் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவும்வரை அங்கேயே இருந்தாள். பாதி வறுபட்ட பருப்பை அக்கா ஓரமாக வைத்துவிட்டார். இலையில் வடையும் அதிரசமும் இருந்தன. கடைசி மாதங்களில் என் மனைவியால் கடிக்க முடியாதவை.

அன்று சாயங்காலம், "காபி கலக்கட்டுமா சார்?" என்று கேட்டாள் மருமகள். அதுவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். ஊரே என்னை சார் என்று கூப்பிடும். அந்த ஒரு சார் மட்டும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

நான்கு மாதம் கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன். அதிலிருந்து வாக்கர்தான். வாசலிலும் கொல்லையிலும் ஒரு படி இருக்கிறது. இரண்டையும் என்னால் தாண்ட முடியாது. எழுப்பி உட்கார வைப்பது, வெந்நீர், மாத்திரை எல்லாம் அவள் கை. எதிலும் ஒரு குறை கிடையாது. ஒரு நாள் திட்டியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பேன். அவள் திட்டவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா" என்றேன் ஒருமுறை.

"பரவாயில்ல சார். மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

படுக்கையில் கிடந்தபோதுதான் ஞாபகம் வந்தது, அதே வேரில் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. எஸ்ட்ரேஞ்ச்: சொந்த மனிதரை அந்நியராக்குவது. பரீட்சைக்கு வராது என்று அதை நான் நடத்தியதே இல்லை.

எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவள் மறுபடி மாமா என்று கூப்பிட வேண்டும்.

இந்த வருடம் திதிக்கு ஒரு வாரம் முன்பு அக்காவுக்கு போன் செய்தேன். "படையல் மருமகதான் வைக்கும். நீங்க வரணும்க்கா."

"உனக்கு இடுப்புதான் உடைஞ்சிதுன்னு நெனச்சேன் தம்பி" என்று வைத்துவிட்டார். யாரும் வரவில்லை; மகனுக்கு இந்த முறையும் லீவு இல்லை.

மருமகளிடம், "உங்க அத்தைக்கு நீதாம்மா வைக்கணும். அந்தக் கிச்சடிய வை" என்றேன். அவள் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி சார்" என்றாள்.

அன்று தலைக்குக் குளித்தாள். பருப்பு வறுக்கும் வாசம் வீடு முழுக்க வந்தது. இலை போட்டுப் பரிமாறினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி சூடம் ஏற்றி, விழுந்து கும்பிட அவளைக் கூப்பிட்டேன். அவள் கூடத்தில் இல்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு கொல்லைக் கதவுவரை போனேன். அதே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாம்மா."

"நீங்க கும்பிடுங்க சார். போன வருஷமும் நான் இங்கேருந்துதான் அத்தைய நெனச்சுக்கிட்டேன்."

படி என்னை நிறுத்தியது. அவளிடம் போகவும் முடியவில்லை, கூடத்துக்குத் திரும்பவும் மனமில்லை. சூடம் அணைந்திருக்கும். கால் நடுங்க ஆரம்பித்ததும் அவளே எழுந்து வந்து, ஒரு நாற்காலியைக் கதவோரம் இழுத்துப்போட்டு என்னை உட்கார வைத்தாள்.

"எனக்கும் இங்கயே சாப்பாடு போட்டுடு" என்றேன்.

இரண்டு தட்டில் கிச்சடி கொண்டுவந்தாள். நான் படிக்கு உள்ளே, அவள் கல்லின்மேல். பாதி சாப்பிட்டதும், "உப்பு போதுமா?" என்று கேட்டாள்.

"போதும்மா."

அந்தக் கேள்வியில் சார் இல்லை. மாமாவும் இல்லை. அன்றிலிருந்து அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.