ஏங்க, ஞாபகப்படுத்துங்க

வடுகபட்டி பூண்டு மார்க்கெட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பீட்டர்ராஜ் எதையும் மறக்காத மனுசர். எந்த வீட்டுப் பட்டா எந்த வருசம் பெயர் மாறியது, எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாமியார் ஞானஸ்நானம் கொடுத்தார், யாருக்கு ரேஷன் கார்டில் அப்பா பெயர் தப்பாக விழுந்தது எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். ஆபீசுக்கு அலைந்து விசாரிக்க வேண்டியதை ஊர்க்காரர்கள் அவரிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

கடைக்குள் நுழைந்தால் முதலில் பூண்டு வாசம் அடிக்கும், அப்புறம்தான் பிரிண்டர் மை. சுவரில் அவரே அச்சடித்து ஒட்டிய தாள் ஒன்று உண்டு: ‘உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுச் செல்லவும்.’ கம்ப்யூட்டர் முன்னாலிருந்து யார் எழுந்தாலும், “லாக் அவுட் பண்ணிட்டீகளா?” என்று கேட்பார். மறந்துவிட்டுப் போனவர்களின் மெயிலைத் திரையிலிருந்து பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூடுவார். அடுத்தவர் சங்கதி நமக்கு எதற்கு என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

வீட்டில் அந்தத் தலைக்கு இன்னொரு வேலை இருந்தது. மனைவி மதலேனாள் மறதிக்காரி. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பூசைக்குப் போய்விடுகிற ஆள். கல்யாணமான புதிதிலிருந்தே தூங்கப் போகுமுன் அவள் சொல்லும் கடைசி வார்த்தை ஒன்றுதான்: “ஏங்க, நாளைக்குக் கேஸ் புக் பண்ணணும், ஞாபகப்படுத்துங்க.” கேஸ் என்பது ஒருநாள் கரண்டு பில்லாகும், ஒருநாள் அக்கா மகளின் சடங்காகும். அந்த ‘ஞாபகப்படுத்துங்க’ மட்டும் மாறாது. “இதுகூடவா ஞாபகமில்ல?” என்று அவர் அலுத்துக்கொள்வதும் மாறாது. மற்ற வீடுகளில் பெண்டாட்டிமார் எப்படிக் கொஞ்சுவார்களோ, தனக்கு வாய்த்த கொஞ்சல் இதுதான் என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தார். வெளியே சொன்னதில்லை.

மதலேனாள் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டு விற்பவள். முதலில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் சுட்டாள். கைப்பக்குவம் பரவி, வருசம் பூராவும் ஆர்டர் வர ஆரம்பித்தது. ஒரே நாளில் ஜெயமங்கலத்துக்கும் அல்லிநகரத்துக்கும் ஒப்புக்கொண்டுவிட்டு அழுதபோதுதான், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜெனிபர் லீவில் வந்து அம்மா போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள்.

“செய்ய வேண்டிய வேலையெல்லாம் இதுல சொல்லிரும்மா. ஒன் போன்லயும் இருக்கும், என் ஆப்பிள் போன்லயும் இருக்கும், கம்ப்யூட்டர்லயும் தெறக்கலாம். நீ இங்கன ஒண்ணச் சேத்தா எனக்கு அங்கன தெரிஞ்சிரும்.”

“வேற யாரும் பாத்துருவாகளாடி?”

“பூட்டுப் போட்டது. அந்தக் கம்பெனிக்காரனே படிக்க முடியாது. அப்பா, ஒங்க போன்லயும் போட்டு விடவா?”

“எனக்கெதுக்கு? எனக்குத் தலை இருக்கு” என்றார் பீட்டர்ராஜ்.

அதோடு பட்டியலின் தலைப்பில் இரண்டே வட்டங்கள் நின்றுகொண்டன. ஒன்றில் ‘ம’, இன்னொன்றில் ‘ஜெ’.

அடுத்த வாரமே வீடு மாறிவிட்டது. கையெல்லாம் மாவாக நின்றபடி மதலேனாள் அலமாரி மேலிருக்கும் போனைப் பார்த்துச் சொல்வாள்: “பச்சரிசி ஊறப்போடணும், ஞாபகப்படுத்து.”

ஞாபகப்படுத்து! பீட்டர்ராஜுக்குச் சுருக்கென்றது. தாலி கட்டியவருக்கு எப்போதும் ‘ங்க’. நேற்று வந்தவனுக்கு ‘நீ’, ‘வா’, ‘போ’. இவ்வளவு வருசத்தில் ஒரு தடவைகூட அவள் அவரை அப்படி உரிமையாகக் கூப்பிட்டதில்லை. சொன்ன நேரத்துக்கு அவன் டிங் என்பான், அவள் “சரிடா சரி” என்று சிரிப்பாள். ஆமாம், பீட்டர்ராஜ் மனசுக்குள் அது ‘அவன்’ ஆகிவிட்டிருந்தது.

மதலேனாள் அன்றைக்கு எங்கே போகிறாள் என்பதே பெங்களூரிலிருந்து ஜெனிபர் போன் பண்ணி, “என்னப்பா, அம்மா வெல்லம் வாங்கப் போயாச்சா?” என்று கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிய வந்தது. “ம், ம்” என்று தெரிந்த மாதிரி முனகிவிட்டு வைத்தார்.

பக்கத்துப் பூண்டுக் கடை தங்கபாண்டி விடுவாரா? “என்ன மாப்ள, தங்கச்சிக்கு இப்ப வேற ஆள் வந்து ஞாபகப்படுத்துறானாமே?”

“அது ஆப்பு மாமா. ஜெனிபர் வச்சுக் குடுத்தது.”

“ஆப்புதான். ஒனக்குப் பாத்து வச்சிருக்கா!”

மூட்டை தூக்குகிறவர்கள் வரைக்கும் சிரித்தார்கள்.

ஒருநாள் விலைப்பட்டியல் அச்சடிக்க மதலேனாள் கடைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் தன் ஆப்பைத் திறந்து, “இதுல நல்லாப் பெருசாத் தெரியுதுங்க” என்று ஆர்டர்களைச் சரிபார்த்தாள். பஸ் ஹாரன் கேட்டதும் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திரை திறந்தபடி கிடந்தது. கம்பெனிக்காரனே படிக்க முடியாத பூட்டு, சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

பீட்டர்ராஜ் வழக்கம்போல முகத்தைத் திருப்பினார். ஆனால் இந்தத் தடவை முகம் தானாகத் திரும்பி வந்தது.

வெல்லம், பட்டர் பேப்பர், மாதா கோயில் சந்தா. எல்லாம் சாதாரணம். நடுவில் ஒரு வரி: ‘அவர்ட்ட எரிஞ்சு விழக்கூடாது.’ பக்கத்தில் ‘தினமும்’ என்றிருந்தது. நேற்றும் முந்தாநாளும் டிக் அடித்திருந்தாள்.

வெகுநேரம் அதையே பார்த்தார். சில நாட்களாக அவள் தன்மையாகப் பேசுகிறாளே என்று அவர் கொஞ்சம் குளிர்ந்து போயிருந்தது உண்மை. அந்தத் தன்மையும் அவன் மணியடித்து வந்ததுதானா? தன்னைப் பற்றிய பேச்சு தன்னைத் தவிர மற்ற இரண்டு பேருக்கும் தெரியும். மகளுக்கும் தெரியும்!

அவர் பக்கத்தை மூடவில்லை.

மறுநாளிலிருந்து கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுவார். “ஏத்தா, இன்னைக்கு நெய் தீந்துருச்சுன்ன, வாங்கணும்ல?”

“நான் எப்பங்க சொன்னேன்?”

“சொன்ன. நீதான் மறந்துருப்ப.”

“அப்பிடியா? எப்பிடித்தான் ஞாபகம் வச்சிருக்கீகளோ!”

இதைக் கேட்கத்தானே இவ்வளவும். அவன் டிங் என்பதற்குள் முந்திக்கொள்வது பீட்டர்ராஜுக்குப் பந்தயமாகிப்போனது.

பிறகு அதுவும் போதவில்லை. பெரியகுளத்துப் பக்கம் ஒரு கன்னியர் பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பலகார ஆர்டர் பேசியிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாதிரிப் பலகாரம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்த ஆர்டர் கிடைத்தால் அடுப்படியை விட்டுத் தனியாக ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்பது அவளுடைய ஆசை. பட்டியலில் அந்த வரியை மட்டும் சிவப்பாக்கி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பீட்டர்ராஜ் அதில் டிக் அடித்தார். முடிந்ததாக டிக் விழுந்த வேலைக்கு இனி அவன் வாய் திறக்க மாட்டான். பெரிய விசயத்தை ஞாபகப்படுத்தியது யார் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்.

அன்றைக்குப் பார்த்து ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடை வாசல் வரை கூட்டம், நெட் வேறு இழுத்துக்கொண்டு கிடந்தது. ஓடிபி வரவில்லை என்று ஒருத்தர், போட்டோ ஏறவில்லை என்று இன்னொருத்தர். கூட்டம் கரைந்து டீ குடிக்கத் தலை நிமிர்ந்தபோது சாயங்கால ஸ்கூல் பஸ் எதிரே பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது.

பீட்டர்ராஜ் மறந்துவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது மாதிரிப் பலகாரம் தூக்குச்சட்டியில் அப்படியே இருந்தது. மதலேனாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“சிஸ்டர் போன் பண்ணாக. வேற ஆளுக்குக் குடுத்துட்டாகளாம்.” குரல் இறங்கியிருந்தது. “மணியடிக்கும்னு அடுப்பு வேலையில இருந்துட்டேன். நான்தாங்க டிக் அடிச்சிருக்கேன். போகாமலே போனதா அடிச்சிருக்கேன். கொஞ்சங்கூட ஞாபகமில்ல. நெய் சொன்னதும் ஞாபகமில்ல. எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான ஆரம்பிச்சுச்சு.”

அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டவள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார் பீட்டர்ராஜ். அதற்கு மேல் அன்றைக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கடையில் பட்டியலின் மேலே புது வரி இருந்தது. ‘தேனி டாக்டர். மறதி. அவர்ட்டச் சொல்ல வேணாம்.’

சொல்ல வேண்டாம் என்றிருந்ததில்கூட முதலில் அந்தப் பழைய எரிச்சல்தான் வந்தது. அவனிடம் சொல்லுவாளாம், என்னிடம் மாட்டாளாம். பிறகு அந்த வரி என்ன சொல்கிறது என்பது உறைத்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் டாக்டர் ஏதோ மாத்திரை எழுதுவார், விசயம் அதோடு போகும். அவள் மட்டும் ஒவ்வொரு நாளும் தன் தலையைத் தானே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

“ஒனக்கு ஒரு மறதியும் இல்ல. டிக் அடிச்சது நான்தான்” என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

மதலேனாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கம்ப்யூட்டர், நெய், பந்தயம் எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீ யாருய்யா அதைத் தொட?” என்றாள்.

பீட்டர்ராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

“ஊர்க்காரன் கணக்குன்னா மூஞ்சியத் திருப்பிக்கிற. பொண்டாட்டி கணக்குன்னா உள்ள வந்து உக்காந்துக்குவியா? எம்மண்டை கொழம்பிப்போச்சுன்னு நேத்துப் பூராவும் செத்துக்கிட்டு இருந்தேனே, பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

“அதுகிட்ட எல்லாத்தையும் சொல்ற. எங்கிட்ட ஒண்ணும் கேக்குறதில்ல நீ.”

“கேட்டேனே, இம்புட்டு வருசமா! ஒவ்வொரு தடவையும் ‘இதுகூடவா ஞாபகமில்ல’ம்ப. எங்கக்கா முன்னாடி சொல்லுவ, சாமியார் முன்னாடி சொல்லுவ. அது சொல்லல. மணிய அடிச்சுட்டுச் சும்மா கெடக்கு.”

இத்தனை காலம் கொஞ்சல் என்று நினைத்திருந்தது அவளுக்கு வேறாக இருந்திருக்கிறது. ஏங்கிக் கிடந்த ‘நீ’ ஒருவழியாகக் கிடைத்துவிட்டது, கிடைத்த விதந்தான் இப்படி. தினமும் டிக் அடிக்கிற அந்த வரி இன்றைக்கு டிக் இல்லாமல்தான் நிற்கும் என்றும் தோன்றியது.

திங்கட்கிழமை மதலேனாள் தூக்குச்சட்டியோடு பள்ளிக்கூடம் போய்விட்டு, திரும்பும்போது கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இதுல எங்கனங்க வெளிய வர்றது?”

மறுபடி ‘ங்க’. பீட்டர்ராஜ் விரலால் காட்டினார். அவள் அமுக்கினாள். பட்டியல் போய், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் இரண்டு வெற்றுக் கட்டங்கள் வந்து நின்றன.

“லாக் அவுட் ஆயிருச்சா?” வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

“ஆயிருச்சு. வீட்டுச் சாமான் மட்டும் தனியா ஒண்ணு போட்டு ஒங்களையும் சேத்துக்கிறச் சொல்லியிருக்கேன் ஜெனிபர்ட்ட. மத்தது எனக்கு.”

“அதுல என்னப் பத்தி...”

“மத்தது எனக்குன்னேன்ல?”

தங்கபாண்டி எட்டிப் பார்த்தார். “என்ன தங்கச்சி, சாட்சிக்கு ஆள் வேணுமா?”

“பூண்டப் பாருங்கண்ணே, முளைக்கப் போகுது” என்று அவரை அனுப்பிவிட்டு எழுந்தாள். “சிஸ்டர் முறுக்கு நல்லாருக்குன்னாக. அடுத்த வருசம் பள்ளிக்கூடம் தெறந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாக.” கைப்பையிலிருந்து போனை எடுத்து வாயருகே பிடித்தாள். “ஜூன்ல சிஸ்டர்ட்டப் பேசணும், ஞாபகப்படுத்து.” டிங் என்றது.

பீட்டர்ராஜ் பிரிண்டரில் தாள் அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டார்.

படியிறங்கியவள் திரும்பினாள். “ஏங்க, நீங்களும் ஞாபகப்படுத்துங்க. ரெண்டு எடத்துல இருந்தாத்தான் தொலையாதுன்னு ஜெனிபர் சொல்லுவா.”

தன்மையான குரல்தான். அது பட்டியலில் இருக்கிற தன்மையா இல்லாததா என்று இனி அவரால் திறந்து பார்க்க முடியாது. “இதுகூடவா” என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, “சரி” என்றார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குக் காலையில், அவன் வாய் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே தலைக்குள் குறித்துக்கொண்டார்.