நான்காம் மாடியில் ஒரு பிளக்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, போர்வை மடித்தது. மொட்டைமாடிக் கொடியிலிருந்து உருவி, ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்தோம். என் பக்கம் தொங்கியது.

"இழுத்துப் பிடிடி. மெஷினையெல்லாம் மல்லாத்திப் போட்டுப் பிரிக்கிறே, ஒரு போர்வைய நேராப் பிடிக்கத் தெரியல."

"உன் ஆஸ்பத்திரி மடிப்பெல்லாம் எனக்கு வராதும்மா."

"வராதுன்னு சொல்லாதே. உடம்பு வணங்கலன்னு சொல்லு."

மடித்து முடித்ததும், காலையில் வேலைக்குப் போகிற வழியில் குழாய் வாங்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "பித்தளை வாங்கும்மா. ஏமாந்தா பிளாஸ்டிக்க தலையில கட்டிடுவான். பழசையே கொண்டுபோய்க் காட்டு" என்றேன். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

அது என்ன குழாய் என்பதைச் சொல்ல வேண்டும்.

அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளர். நான்காம் மாடி, சிறுவர் பிரிவு. நர்சுகள் அவளைப் பினாயில் அக்கா என்பார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே காய்ச்சல், கை முறிவு, வாந்தி பேதி என்று வருவார்கள். வந்த வேகத்தில் குணமாகிப் போவார்கள். பிறகு வேறு மாதிரி பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். மீசை அரும்பாத பையனுக்கு ஈரலில் கொழுப்பு. பள்ளிக்கூடப் பெண்ணுக்குச் சர்க்கரை. "பெரியாஸ்பத்திரியில தாத்தாங்களுக்கு வர்ற சீக்கெல்லாம் இதுங்களுக்கு வருதுடி" என்பாள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். பல ஆய்வகங்களுக்குப் போகிறேன். சர்க்கரை அளவு மிகுந்த சோதனைக் குழாய்களில் ஒட்டியிருக்கும் சீட்டில் வயதைப் பார்க்கிறேன். முன்பு ஐம்பது, அறுபது. இப்போது நடுவில் பதினாறு, பத்தொன்பது.

ஒருநாள் நான்காம் மாடி நடைக்கூடத்தில் குளிர்பான மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காசு போட்டால் பாட்டில் விழும், பொட்டலம் விழும். அம்மாவுக்கு முதலில் அது பிடித்திருந்தது. விளக்கு எரிந்தது, துடைத்தால் பளபளத்தது. அதற்குப் பக்கத்திலேயே குடிதண்ணீர் மெஷின். அதன் குழாய் உடைந்து, பல மாதமாக மேலே "பழுது" என்ற தாள்.

அந்த வாரம் ஒரு பெண் வந்திருந்தாள். பதினைந்து வயது. வார்டு முழுவதையும் அதட்டிக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் அவள் வாயாடி. ஓயாத தாகம். சர்க்கரை என்று அப்போதுதான் தெரிந்திருந்தது. துணைக்கு இருந்தவர் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில், "தண்ணி குடுங்க அக்கா, நாக்கு ஒட்டிக்குது" என்று கேட்டாள். தண்ணீர் மூன்று மாடி கீழே. அம்மா மெஷினில் காசு போட்டு ஒரு பழச்சாறு எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த பரிசோதனையில் அளவு எகிறியது.

"யாரு குடுத்தது இத?" என்றாள் நர்ஸ்.

"நான்தாம்மா."

"உங்களுக்குப் புத்தி எங்கக்கா போச்சு?"

அன்று அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அந்தப் பழச்சாற்றின் காலி டப்பாவை என் முன்னால் வைத்தாள். "படத்துல ஆரஞ்சுப் பழம் இருந்துச்சுடி. பழம் நல்லதுதானே?"

பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. சாறு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி தண்ணீர், சர்க்கரை, நிறம், மணம். பழத்தை முன்னால் கை அகலத்துக்கு வரையத் தெரிந்தவர்களுக்கு, சர்க்கரையை எழுத அவ்வளவுதான் இடம் கிடைத்தது. புத்தி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டிய ஆள் என் அம்மா இல்லை. சர்க்கரை நோய்ப் பிள்ளைகளின் வாசலில் சர்க்கரை விற்க இடம் கொடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா தரை துடைக்கும்போது மெஷினின் பிளக்கைக் கழற்றினாள். துடைத்த பிறகு மாட்ட மறந்தாள். தினமும் மறந்தாள்.

நிர்வாகி கூப்பிட்டார். "ஏம்மா, மெஷின் ஏன் ஓடல?"

"ஈரத் தரை சார். கரண்ட் அடிச்சா பிள்ளைங்க என்னாகும்? பாதுகாப்பு வகுப்புல நீங்கதானே சொன்னீங்க."

"காய்ஞ்சதும் மாட்ட வேண்டியதுதானே?"

"காய மாட்டேங்குது சார். நான் அவ்வளவு நல்லாத் துடைக்கிறேன்."

நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். சிரிக்காதவர் நிர்வாகி மட்டும். "விக்கிறவன் விக்கிறான், வாங்குறவன் வாங்குறான். நமக்கென்ன? இன்னொரு தடவை பிளக்ல கை வெச்சா வேலை இருக்காது."

"அப்ப தண்ணிக் குழாயச் சரி பண்ணுங்க சார். தண்ணி கிடைச்சா அத யாரு வாங்கப் போறா?"

"எழுதியிருக்கோம்."

குளிர்பான மெஷின் ஒருமுறை உண்மையாகவே கெட்டபோது அன்று மதியமே ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான். அதற்கு யாரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

"நானே சரி பண்ணிக்கட்டுமா சார்?" என்று அம்மா கேட்டாள். என்னவோ செய்துகொள் என்றார். சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. குழாய் ஒன்றுதான் கேடு. கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, துளையை ரப்பர் வைத்து அடைத்தேன். திங்கட்கிழமை அவள் புதுக் குழாய் வாங்கி வர வேண்டும், மாலையில் நான் மாட்ட வேண்டும். வாயாடி கட்டிலில் இருந்தபடியே, "முதல் டம்ளர் எனக்கு" என்று உத்தரவு போட்டாள்.

அம்மாவின் சாவுக்கு வந்த அந்த வார்டு டாக்டர் நல்லவர். நான் அந்த மெஷினைப் பற்றிப் பேச்செடுத்தேன். "பிள்ளைங்களுக்குச் சர்க்கரை வர்றதுக்குக் காரணம் இது ஒண்ணுதான்னு சொல்ல முடியாதும்மா. பரம்பரை இருக்கு, ஓட்டம் ஆட்டம் இல்ல, தூக்கம் இல்ல" என்றார். எனக்கும் தெரியும். இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஆனால் ஒரு கருவியில் மின்கசிவு என்று சந்தேகம் வந்தால், நிரூபணம் ஆகும்வரை அதை நோயாளி பக்கத்தில் ஓடவிடுவதில்லை. முதலில் பிளக்கைக் கழற்றுகிறோம். பிறகுதான் சோதனை. இது என் தொழிலின் முதல் பாடம். பிள்ளைகளின் வாய்க்குள் போகிற விஷயத்தில் மட்டும் பாடம் தலைகீழ்.

அம்மாவின் சீருடையையும் சாவியையும் ஒப்படைக்க நான்காம் மாடிக்குப் போனேன். குளிர்பான மெஷின் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பையன், கையில் ஊசி ஏற்றிய கட்டோடு, எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அதே தாள், நான் வைத்த அதே ரப்பர்.

"தங்கமான மனுஷி" என்றார் நிர்வாகி.

"குழாய்?"

"எழுதியிருக்கோம்மா."

பஸ் நிறுத்தத்தில் அவள் மடியில் இருந்த பை என் தோளில்தான் தொங்கியது. அன்றுதான் திறந்தேன். சீப்பு, பஸ் பாஸ், தலைவலித் தைலம். அடியில் பழைய குழாய். கைக்குட்டையில் சுற்றி, மூலைக்கு மூலை பிசகாத ஆஸ்பத்திரி மடிப்பு. குழாய்க் கடை, அவள் ஏற இருந்த பஸ்ஸின் அடுத்த நிறுத்தத்தில் இருக்கிறது.