அத்தை மிச்சம் வைத்த சாலைகள்

மருந்துக் கிடங்கில் அவளுக்கு மின்னல் என்று பெயர். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆமை. இரண்டும் ஒரே பெண்மணிதான் என்றால் கிடங்கு சூப்பர்வைசர் அடித்துச் சொன்னாலும் நம்பமாட்டார்.

கிடங்கில் வேலைக்கு நுழைந்ததும் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். எந்த அடுக்கு, எந்தத் தட்டு, எத்தனை டப்பா என்று அதற்குள்ளிருந்து ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். எடுத்து வைத்துவிட்டு 'ஆச்சு' என்றால்தான் அடுத்தது வரும். தாமதமானால் அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும். திட்டாது, கோபப்படாது, விடவும் விடாது. எந்த வழியாக நடந்தால் நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுவதும் அந்தக் குரல்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு ஈடுகொடுத்தாள். சுவர்ப் பலகையில் அவள் பெயர் மேலேயேதான் இருக்கும். அவளைச் சோம்பேறி என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள்.

வீடு என்றால் மகள் வீடு. மூன்றாம் மாடி, இரண்டு அறை. மாப்பிள்ளை தங்கமான மனிதர், ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் லாரி ஓட்டும் விளையாட்டு. கம்ப்யூட்டரில் சரக்கை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். நண்பர்களைச் சேர்த்து அதில் ஒரு கம்பெனியே நடத்தினார். ஆள் குறைந்தபோது மாமியாரையும் சேர்த்துவிட்டார். தன் பழைய கம்ப்யூட்டரையும் ஸ்டியரிங்கையும் அவள் அறையில் மாட்டிக் கொடுத்தார். சைக்கிள்கூட ஓட்டியறியாதவள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அவள் ஓட்டிய அழகு இருக்கிறதே! நெடுஞ்சாலையை விட்டு மலைப்பாதையில் இறங்குவாள். மழை வந்தால் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாலத்துக்கு அடியில் ரயில் வந்தால் தக்காளி லோடு பாலத்தின் மேலேயே நிற்கும். கம்பெனி நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 'ஆமை அத்தை' என்ற பட்டம் அவர்கள் கொடுத்ததுதான்.

"அத்தை, பைபாஸ்ல வந்தா பாதி நேரம்தான். நான் ரூட் போட்டுத் தரேன், அப்படியே வந்துடுங்க" என்றார் மாப்பிள்ளை.

"பாதி நேரத்துல வந்துட்டு மீதி நேரம் என்ன பண்றது?"

"இன்னொரு லோடு எடுக்கலாமே."

"அதத்தான் மாப்பிள்ளை காலைலேர்ந்து எடுத்துட்டு வரேன்."

மாமியார் தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த விளையாட்டில், நாம் இன்னும் போகாத சாலை வரைபடத்தில் இருட்டாக இருக்கும். போய்வந்தால் மஞ்சளாகும். மற்றவர்களின் படம் முழுக்க மஞ்சள். அவளுடையதில் பாதி இருட்டு. அதிலும் வடக்கே கடலுக்குள் நீண்டுபோகும் ஒரு சாலையை அவள் வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தாள். லீவு நாளில் ஒரு வளைவு, அவ்வளவுதான். வளைவு திரும்பியதும் இன்ஜினை அணைத்துவிடுவாள். அடுத்த வளைவில் என்ன வரும் என்று வாரம் முழுக்க யோசிப்பாள். காதில் அந்தக் குரல் எண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யோசிப்பாள். அந்தக் குரலுக்குத் தெரியாத வழி அது ஒன்றுதான். அவளுக்கென்று வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்!

கம்பெனி முதல் வரிசைக்கு ஏற வேண்டுமானால் எல்லோருடைய படமும் முழுக்க மஞ்சளாக வேண்டும் என்று வந்தது வினை. மாப்பிள்ளை ஆபீசுக்கு லீவு போட்டார். மாமியார் கிடங்கில் இருந்த நேரத்தில், அவள் அறையில் உட்கார்ந்து, அவள் கணக்கைத் திறந்து, அவள் லாரியை எடுத்துக்கொண்டு இருட்டையெல்லாம் ஓட்டித் தீர்த்துவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பாத்திரம் கழுவி வைப்பதுபோல ஒரு ஒத்தாசை.

மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். "பாருங்க அத்தை! உங்களுக்கு மிச்சமே இல்ல. எல்லாத்தையும் முடிச்சுட்டேன்!"

படம் முழுக்க மஞ்சள். லாரி ஏதோ ஒரு ஊரில், ஒரு கிடங்கு வாசலில் நின்றது. மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்த மாமியாருக்கு அவ்வளவு சுலபத்தில் வாய் வராது, அதுவும் அவர் வீட்டில் இருந்துகொண்டு. குரலைத் தாழ்த்தியே கேட்டாள்.

"வடக்கே கடல் பக்கம் ஒரு ரோடு போகுமே. அதோட கடைசில என்ன இருந்துச்சு மாப்பிள்ளை?"

"எந்த ரோடு?"

"கடலுக்குள்ள நீட்டிட்டுப் போகுமே."

அவர் யோசித்துப் பார்த்தார். "போயிருப்பேன் அத்தை, மஞ்சளாத்தானே இருக்கு. நான் திரை ஓரத்துல ஏறுற சதவீதத்தை மட்டும்தான் பாத்துட்டிருந்தேன்."

அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடல், போய்வந்த மனிதரின் கண்ணிலேயே படவில்லை. அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொறுக்கவும் கூடாது என்கிறேன் நான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கணக்கை அழிக்கும் இடத்தைத் தேடித் திறந்தாள்.

"அத்தை, என்ன பண்றீங்க! அழிச்சா கம்பெனிப் புள்ளியும் சேந்து போயிடும். இன்னிக்குத்தான் மேல ஏறினோம்!"

"தெரியும் மாப்பிள்ளை."

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். "உனக்கென்னம்மா கிறுக்கா? நீ சோம்பேறித்தனமா விட்டதையெல்லாம் அவர் லீவு போட்டு முடிச்சுக் குடுத்திருக்காரு. ஒரு விளையாட்டுக்குப் போயி அவரை இப்படி அவமானப்படுத்துறியே!"

"விளையாட்டுன்னு இந்த வீட்ல இப்பவாவது ஒருத்தி சொன்னியே" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

மஞ்சள் மொத்தமும் போனது. மாப்பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. அவர் போனில் நண்பர்களின் அழைப்பு விடாமல் அடித்தது. அவர் எடுக்கவில்லை. திரையில் ஒரு சின்ன ஊரும், பக்கமெல்லாம் நசுங்கிய ஒரு குட்டி லாரியும் வந்து நின்றன. வரைபடத்தைத் திறந்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இருட்டு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை.

மாப்பிள்ளைக்குக் கோபம் தொண்டைவரை வந்தது. மரியாதை அதைப் பிடித்து நிறுத்தியது. "அந்த வடக்கு ரோட்டுக்குப் போகணும்னா இனிமே மாசக்கணக்காகும் அத்தை. இந்த ஓட்டை லாரி மலையே ஏறாது."

"ஆகட்டும்."

"எந்தப் பக்கம் போகணும்னாவது தெரியுமா?"

"தெரியாது." இன்ஜினைக் கிளப்பினாள். "வேணும்னா பக்கத்துல உக்காந்து வாங்க மாப்பிள்ளை. வழி மட்டும் சொல்லக் கூடாது."