தொண்ணூற்றொன்று பகா எண் அல்ல

தொண்ணூற்றொன்றைக் கண்டால் எனக்கு இன்றும் கை துறுதுறுக்கிறது. பஸ் டிக்கெட்டில் வரட்டும், யார் வீட்டுக் கதவிலோ வரட்டும், மனசுக்குள் ஒரு கத்தியை எடுத்து அதை ஏழாகப் பிளந்துவிட்டுத்தான் மறுவேலை. பதின்மூன்று, பதின்மூன்று, பதின்மூன்று... ஏழு தடவை. மிச்சம் இல்லை. அந்த மிச்சமின்மைக்காக ஒரு மதியம் முழுக்கப் பெஞ்சின் மேல் நின்றவள் நான். இறங்கியதாக இன்னும் தோன்றவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மதுரை ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளி. எட்டாம் வகுப்போடு அது முடிந்துபோகும். மேலே படிக்க வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி வடகரை உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே சேர, டீச்சர் எழுதித் தரும் நன்னடத்தைக் கடிதம் வேண்டும். கடிதம் சரியில்லை என்றால் எனக்கு வில்லாபுரத்தில் மாமா வீடு காத்திருந்தது. மாமாவுக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான்.

வகுப்புச் சுவரில் டீச்சர் சிவப்பு மையில் எழுதி ஒட்டிய அட்டை: நூறுக்குள் உள்ள பகா எண்கள். நாங்கள் அப்போது 'பிரைம்' என்போம். ஒன்றுக்கும் தனக்கும் தவிர வேறெதற்கும் மசியாதவை. அவற்றின் மேல் எனக்கு மயக்கமே உண்டு. எண்பத்து மூன்றை யார் வந்து கூறு போட்டாலும் சமமாய்ப் போகாது. எவர் கையிலாவது இடறும். பிறந்தால் அப்படிப் பிறக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

டீச்சர் எண்களைச் சலித்த விதம் எளிது. இரட்டைப்படையா, தள்ளு. ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிகிறதா, தள்ளு. இலக்கங்களைக் கூட்டினால் மூன்றால் வகுபடுகிறதா, தள்ளு. மீந்ததை வாய்ப்பாட்டுப் பலகையில் தேடு. அங்கும் இல்லையென்றால் அது பிரைம். பலகையோ பன்னிரண்டு பன்னிரண்டோடு நின்றுவிடும். நாற்பத்தொன்பது பலகையில் மாட்டியது, எழுபத்தேழு மாட்டியது. நூறுக்குள் தப்பிய ஒரே கள்ளன் தொண்ணூற்றொன்று. நல்லவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, எண்பத்தொன்பதுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவே, சிவப்பு மையில் உட்கார்ந்திருந்தான்.

அவனைப் பிடித்தது நான் அல்ல. என் பக்கத்தில் உட்காருகிறவள் கோரிப்பாளையத்திலிருந்து வருவாள். அவள் அத்தா தையல்காரர். கல்யாண பேண்டுக்காரர்கள் பதின்மூன்று பேருக்குக் கோட்டு தைத்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு ஏழு பித்தளைப் பொத்தான். எண்ணி வைத்தது அவள்தான்.

"மொத்தம் தொண்ணூத்தொண்ணுடி," என்று காதில் சொன்னாள். "டீச்சர் சொல்றது நெசம்னா, எங்க அத்தா தெச்ச கோட்டுல எவனோ ஒருத்தன் வயித்தத் தொறந்துபோட்டுக்கிட்டுல கொட்டடிக்கணும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தேன். "டீச்சர், தொண்ணூத்தொண்ணு பிரைம் இல்ல. ஏழால வகுபடுது."

டீச்சர் பிரம்பால் பலகையைத் தட்டினார். "எங்க இருக்கு? காட்டு."

"பலகையில இல்ல டீச்சர்."

"இல்லைல? அப்புறம் என்ன?"

"பலகைதான் சின்னது டீச்சர்."

ஏற்றிவிட்டார் பெஞ்சு மேல். கீழேயிருந்து தையல்காரர் மகள் முணுமுணுத்தாள்: "மேல காத்து நல்லா வருதாடி?"

நின்றபடியே மற்ற எண்களையும் வகுத்துப் பார்த்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, இந்த நாலு பேரிடம் கேட்டால் போதும் என்பது அங்கேதான் புரிந்தது. அதற்கடுத்த பகா எண் பதினொன்று. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினாலே நூறைத் தாண்டிவிடுகிறது. அட்டையில் இருபத்தாறு எண்கள் இருந்தன. இருக்க வேண்டியவை இருபத்தைந்து.

சாயங்காலம் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வாராரு. எல்லாரும் சேந்து ஒப்பிக்கணும். அந்த எண்ணு வாரப்ப நீ வாய மூடிக்கிட்டு நின்னாப் போதும். ஒத்த எண்ணுக்காக லெட்டரக் கெடுத்துக்கிறாத." கோபத்தைவிடப் பயம் கூடுதலாக இருந்தது அந்தக் குரலில். அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

குமாஸ்தாவான அப்பாவும் அதையேதான் சொன்னார். "நான் ஆபீஸ்ல தெனம் எம்புட்டுத் தப்புக்குத் தலையாட்டுறேன் தெரியுமா? எனக்கென்ன கழுத்தா சுளுக்கிருச்சு?"

"எனக்குச் சுளுக்கும்ப்பா."

வியாழக்கிழமை நாற்பது தொண்டைகள் ஒரே தொண்டையாகிப் போயிருந்தன. எழுபத்து மூன்று, எழுபத்தொன்பது, எண்பத்து மூன்று. நானும் சொல்லிக்கொண்டே போனேன். எண்பத்தொன்பது. வாயை மூடலாம், ஒரு மூச்சு நேரந்தானே. ஆனால் வாயை மூடுவதும் ஒரு விடை, அதுவும் தப்பான விடை.

"தொண்ணூத்தொண்ணு!" என்றது வகுப்பு.

"ஏழு பதிமூணு!" என்றேன், எல்லாரையும்விட உரக்க.

ஓசை அறுந்தது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பென்சிலை எடுத்துக் கையிலிருந்த நோட்டின் ஓரத்தில் ஏதோ போட்டார், பெருக்கலாகத்தான் இருக்கும். அட்டையைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"சரி. அடுத்தது தையல்," என்றார்.

அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மறுநாளும் அட்டையில் தொண்ணூற்றொன்று குந்தியிருந்தது. ஆண்டு முடிவில் கடிதம் வந்தது, இரண்டே வரி: கணக்கில் நல்ல தேர்ச்சி. அடங்காதவள்.

அப்பா அதை இரண்டு தடவை படித்தார். "வில்லாபுரத்துக்குச் சொல்லி அனுப்பவா?"

"மொதல்ல வடகரையில கொடுத்துப் பாக்குறேன்."

சுடுமணலில், காய்ந்து கிடந்த ஆற்றைக் கடந்தோம், நானும் என்னைக் கூட்டிப்போக அக்கரையிலிருந்து வந்த தையல்காரர் மகளும். அவளுடைய கடிதத்தில் 'அடக்கமானவள்' என்று இருந்தது. வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா பத்தடி பின்னால் குடையை விரித்துக்கொண்டு, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவர் போல வந்தார்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் கடிதத்தைப் படித்தார். "அடங்காதவள்னு போட்டிருக்கே. அப்படி என்னம்மா செஞ்ச?"

பின்னால் அப்பா இருமினார்.

"ஒரு எண்ணை வகுத்தேன்," என்றேன்.

"மிச்சம்?"

"இல்லை."

அவர் பதிவேட்டைத் திறந்து பேனாவை மையில் தோய்த்தார். "பேரச் சொல்லு," என்றார்.