ஒரு உடுப்புக் கிளிப்பும் ஆட்டோ ஹோனும்

பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு மகளின் பேச்சு பாதியில் அறுந்தது. "அம்மா, போன கிழமை வெடிப்புக்குள்ள வெரல்தான் போச்சு. இப்ப கை முழுசாப் போகுது. நான் கீழ எறங்கி..." அவ்வளவுதான். திரும்ப அழைத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் சொன்னார்கள்.

அன்று வியாழக்கிழமை. நான்கு நாட்களாக மழை விடவில்லை. பாடசாலைக்கு விடுமுறை. பேராதனையில் ரயில் பாதைக்கு மேலே இருக்கும் வாடகை வீட்டில் நான் தனியாக இருந்தேன். அவளுடைய அப்பா கட்டாரில். அவள் காலையிலேயே பன்வில பஸ்ஸுக்குப் போயிருந்தாள், அங்கே நில வெடிப்பில் வைத்த தன் கருவிக்கு மழை புகாத மூடி ஒன்று போட. போகாதே என்று வாசலில் நின்று சொன்னேன்.

"மழைக்குத்தானேம்மா அத செஞ்சேன். மழையில பாக்காம வேற எப்ப பாக்கிறது?" என்று சொல்லி என் குடையை விரித்தாள். அதில் ஒரு கம்பியை முன்பே எதற்கோ கழற்றியிருந்தாள். குடை ஒரு பக்கம் தொங்கியது.

நான் விஞ்ஞான ஆசிரியை. கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி இருபது வருடமாகக் கற்பிக்கிறேன். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் பொருட்கள், கோடு கீறி இணைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு பொருள். வீட்டில் ஒருத்தி இருந்தால் அது அப்படி இருப்பதில்லை. இட்லிச் சட்டிக்குள் திருகாணி கிடக்கும். வானொலி பேசாது, அதன் உள்ளுறுப்பு வேறெங்கோ பேசிக்கொண்டிருக்கும். கரண்ட் போனாலும் அடிக்கும்படி வாசல் மணியைப் பெட்டரிக்கு மாற்றினாள். அது ஒன்றுதான் எனக்குப் பிரயோசனப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. கண்டியில் தொலைபேசி திருத்தும் ஒரு கடையில் இருக்கிறாள். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கோர்ஸ் ஒன்று செய்கிறாள்" என்பேன்.

நான் பிறந்த லயம், ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை, பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறது. அண்ணி இறந்த பிறகும் என் அண்ணன் அங்கேதான் தனியாக இருக்கிறார். வத்தேகமவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. விடியப் போனால் இருட்டித்தான் வருவார். போன வருட மழையில் லயத்துக்குப் பின்னால், தேயிலைக்குள், நிலம் நீளமாக வெடித்தது. பார்க்க வந்தவர்கள் ஆபத்தான இடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். போவதற்கு வேறு இடம் வரவில்லை. பன்னிரண்டு குடும்பமும் அங்கேயே இருந்தது.

மகள் செய்தது சின்ன வேலைதான். வெடிப்பின் இரண்டு பக்கமும் இரண்டு இரும்பு முளை. மேல் முளையில் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கீழ் முளையில் துணி காயப்போடும் கிளிப் ஒன்று, அது அந்தத் துண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். நிலம் இன்னும் நாலு விரல் அகலம் விலகினால் துண்டு இழுபட்டு வெளியே வரும், கிளிப்பின் வாய் மூடும், மூடினால் கரண்ட் ஓடும். அங்கிருந்து வயர் இழுத்து, லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராச் சுவரில் ஒரு பெட்டி வைத்து, பழைய ஆட்டோ ஹோன் ஒன்றைப் பூட்டினாள். முதல் தடவை அடித்துக் காட்டியபோது தொங்கல் காம்பராவில் இருக்கும் பெண் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "என்னா பாப்பா, ஹோன மட்டும் கொண்டாந்திருக்க? ஆட்டோ எங்க?" என்று கேட்டாள். லயமே சிரித்தது. மகளும் சிரித்தாள். எனக்குத்தான் முகம் சுருங்கியது.

அதன் பிறகு ஹோன் பொய்யாகக் கத்தத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் சனம் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கும், அண்ணன் எனக்குச் சொல்வார், நான் மகளுக்குச் சொல்வேன். அவள் கடையில் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பாள். பிளாஸ்டிக் துண்டு வைத்த இடத்திலேயே இருக்கும். கிளிப்பை மாற்றினாள். வயரை மாற்றினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிப்பாள். கடைக்கார முதலாளியும் முகம் சுளிக்கத் தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் குளிக்கும் நேரம் பார்த்து நான் அண்ணனை அழைத்தேன்.

"அண்ணே, அந்தப் பெட்டிக்குள்ள பெட்டரி வயர ஒரு பக்கம் கழட்டி விடுங்க. அவகிட்ட சொல்லாதீங்க."

"ஏன் தங்கச்சி? கெடந்துட்டுப் போகட்டுமே."

"கத்தாம இருந்தா சரியாயிருச்சுன்னு நெனச்சு அவ வேலையப் பாப்பா. புள்ள மெலிஞ்சு போறா அண்ணே."

"நீ படிச்சவ. சொன்னா சரி."

மழை பிடிப்பதற்கு முந்தைய நாள் அது. புதன்கிழமை மாலை மகள், "ஞாயித்துக்கெழமையில இருந்து ஒரு தரமும் கத்தலம்மா. புதுக் கிளிப்தான் சரி" என்றாள். அன்று இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் பரிமாறினேன்.

வியாழன் நான்கு மணியளவில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: பன்வில பக்கம் மண்சரிவு, லயம் ஒன்று போய்விட்டதாம். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. சற்று நேரத்தில் அண்ணன் அழைத்தார்.

"தங்கச்சி, நம்ம லயம்தான்னு சொல்றாங்க. ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. நான் நடந்து போறேன்."

"அண்ணே, அந்த வயர்..."

"கழட்டிட்டேனே" என்றார். "நீதானே சொன்ன."

அதோடு அவருடைய தொலைபேசியும் நின்றது. வீட்டில் கரண்டும் போனது.

மகளுடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தயிர்க் கோப்பைகளில் திருகாணிகள், அளவு வாரியாக. அவளுடைய கொப்பியைத் திறந்தேன். ஹோன் கத்திய ஏழு தடவையும் நேரத்தோடு இருந்தன. எல்லாம் பகல் நேரம். பக்கத்தில், "வெயில் சூட்டில் கம்பி நீளுமா?" என்று எழுதி, வெட்டி, "பிழை என்னிடம்தான். இன்னும் தேடணும்" என்று எழுதியிருந்தாள். நான் கற்பித்த எந்தப் பாடத்திலும் இந்தப் பக்கம் இல்லை. வேலை செய்யாத ஒன்றிடம் திரும்பத் திரும்பப் போவது, அதைச் சனம் பார்த்துச் சிரிப்பது, அடுத்த நாளும் பஸ் ஏறுவது. கண்டுபிடிப்பவளின் பிழைப்பு பெரும்பாலும் அதுதான் போலிருக்கிறது. அந்த ஏழு தடவைக்கும் காரணம் எனக்கும் தெரியாது. ஆனால் ஒரு பிழையை நான்தான் வைத்தேன், அதை அவள் தேட முடியாத இடத்தில்.

அவள் வந்து என்னைத் திட்ட வேண்டும் என்றிருந்தது. சேற்றுக் காலோடு உள்ளே வந்து, "ஏம்மா கழட்டுன?" என்று கத்த வேண்டும். அந்தக் குரலுக்காக எதையும் கொடுத்திருப்பேன். வாசல் மணி அடிக்கிறதா என்று விடியும்வரை காது கொடுத்திருந்தேன். மழையைத் தவிர ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மணி அடித்தது. ஓடிப் போய்த் திறந்தேன். மகள் இல்லை. தொங்கல் காம்பராப் பெண் நின்றாள். ஒரு கையில் கட்டு, மறு கையில் ஒரு நீல வாளி. வாளிக்குள் அவளுடைய துணி.

"பயப்படாதீங்க டீச்சர். ஒங்க மக நல்லா இருக்கா. ஒங்க அண்ணனும்தான். பாப்பா போன் சேத்துல போயிருச்சு, அங்க யாருக்கும் சிக்னலும் இல்ல. எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம். என்னைய விடியக்காலையில இங்க ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டாங்க, கையில தையல் போட."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மத்தவங்க?"

"பன்னெண்டு வீட்டுலயும் ஒரு உசுருக்கும் ஒன்னும் இல்ல. பின் செவரெல்லாம் போச்சு. ஆளுங்க வெளியில. ஹோன் கத்துச்சே."

"அது எப்படிக் கத்தும்? வயர் கழட்டி இருந்துச்சே. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவள் என்னைப் பார்க்காமல் வாளியைக் கீழே வைத்தாள். "நீங்களா? நேத்து காலையில பாத்தேன், கழண்டு கெடந்துச்சு. நான்தான் மாட்டினேன்."

"நீங்களா? எதுக்கு?"

"தண்ணிக்குத்தான் டீச்சர். கீழ இருக்கிற பீலிக் கொழாயில தண்ணி எப்ப வரும், எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது. எங்க வாசல்ல இருந்து பாத்தா மட்டும்தான் பீலி தெரியும். தண்ணி வந்தா பெட்டியத் தொறந்து ரெண்டு வயரையும் முட்ட வைப்பேன். ஹோன் அடிச்சா எல்லாரும் வாளிய எடுத்துக்கிட்டு ஓடியாருவாங்க. ஒங்க மககிட்ட சொன்னா ஏசும்னு ஒருத்தரும் சொல்லல."

"ஏழு தடவையும்?"

"ஏழா? கூட இருக்கும்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இந்த மழையில பைப்பு அடைச்சு நாலு நாளா குடிக்கத் தண்ணி இல்ல. நேத்து ஆம்பளங்க சிலர் அடைப்பெடுக்க மேல போனாங்க. தண்ணி வந்தா அடிக்கணுமேன்னு தான் வயர மாட்டி வச்சேன். மூனு மணி இருக்கும், நான் தொடவே இல்ல, அதுவாக் கத்துது. தண்ணி வந்துருச்சுன்னு அத்தன பேரும் வாளியும் கேனுமா பீலிக்கு ஓடுனோம். பாத்தா சொட்டுத் தண்ணி இல்ல. திரும்பிப் பாக்குறோம், பின்னால மல எறங்குது. ஒங்க மக மேல இருந்து கத்திக்கிட்டே ஓடியாருது. எங்க கையில வாளியப் பாத்துச்சு. அப்பவே அதுக்கு வெளங்கிருச்சு."

"ஏசினாளா?"

"இல்ல டீச்சர். எல்லா வீட்டு ஆளும் வந்துருச்சான்னு வாளிய எண்ணுச்சு. பொறகு அப்புடியே ஒக்காந்து அழுதுச்சு. ராத்திரி பூரா கடதாசியில ஏதோ கீறிக்கிட்டு இருந்துச்சு." கட்டுப் போட்ட கையால் வாசல் நிலையில் இருந்த மணியை மெல்லத் தொட்டாள். "இப்ப வீட்டுக்கு வராதாம். இனி நாங்க எங்க இருந்தாலும் ஹோன் மலைக்கு மட்டுமாம், தண்ணிக்கு வேற ஒரு சத்தம் செஞ்சு குடுக்கணுமாம். ஒங்க வீட்டு மணியக் கழட்டி ஏங்கிட்ட குடுத்து விடச் சொல்லுச்சு."